குற்றவாளிக் கூண்டில் ஒரு நாவல்

அந்தோணி பர்ஜஸ் எழுதிய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலைப் பற்றி ஒரு தீர்ப்பு அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புழங்கி வருகிறது. அது வன்முறையை ரசிக்கச் சொல்லித்தருகிறது, ஒரு கொடூரச் சிறுவனை நாயகனாக்குகிறது, இளைஞர்கள் கையில் அது இருக்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பு. 1973இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஓரம் என்ற ஊரில் இந்த நாவலை விற்றதற்காக ஒரு புத்தகக் கடைக்காரரைக் கைது செய்தார்கள். வழக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆனாலும் அவர் கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. 1976இல் கொலராடோவின் ஆரோரா, 1977இல் மாசசூசெட்ஸின் வெஸ்ட்போர்ட், 1982இல் அலபாமாவின் அனிஸ்டன் என்று பள்ளிகளிலிருந்து நாவல் வரிசையாக வெளியேற்றப்பட்டது.

அந்தத் தீர்ப்பு தவறானது. நாவலை முழுதாகப் படிக்காமல் அல்லது முழுதாகப் படிக்கக் கிடைக்காமல் எழுதப்பட்ட தீர்ப்பு அது. வன்முறையைக் கண்டு அஞ்சுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டிய நாவல்களில் இது ஒன்று என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். நாவல் கொடூரமானதுதான். வக்காலத்து வாங்க வருகிறவர்களில் சிலர், உள்ளே இருப்பதெல்லாம் குறியீடு, அங்கதம் என்று சொல்லிக் கொடூரத்தின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிடப் பார்க்கிறார்கள். அது நாவலுக்குச் செய்கிற துரோகம். முதல் அத்தியாயத்திலேயே நாயகனான அலெக்ஸும் அவன் கூட்டாளிகள் மூவரும், நூலகத்திலிருந்து புத்தகங்களை எடுத்துக்கொண்டு தனியாக நடந்துவரும் ஒரு முதியவரை மறிக்கிறார்கள். பணிவாகப் பேசுகிற மாதிரிப் பேசிப் புத்தகங்களைப் பிடுங்குகிறார்கள்; தாள் தாளாகக் கிழித்துப் பறக்கவிடுகிறார்கள். பிறகு அவருடைய பல்செட்டை வாயிலிருந்து பிடுங்கித் தரையில் போட்டு மிதிக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அடி. அதே இரவில் ஒரு எழுத்தாளரின் வீட்டுக்குள் புகுந்து, கணவனைப் பிடித்துவைத்துக்கொண்டு அவன் கண்ணெதிரே மனைவியைச் சீரழிக்கிறார்கள். அடுத்த நாள் பத்து வயதுச் சிறுமிகள் இருவருக்கு அலெக்ஸ் மதுவைக் கொடுத்து நாசம் செய்கிறான். பூனைகளோடு தனியாக வாழும் ஒரு மூதாட்டி அவன் அடித்த அடியில் இறந்துபோகிறாள். இத்தனையும் நடந்து முடிந்து, முதல் பாகத்தின் கடைசி வரியில்தான் அவன் வயது தெரியவருகிறது. பதினைந்து.

அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து போன வாசகர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூடிவைத்தவர்கள் தீர்ப்பு எழுதக் கூடாது. ஏனென்றால் நாவல் தன் கேள்வியைக் கேட்க ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் பாகத்தில் அலெக்ஸ் சிறையில் இருக்கிறான். பதினான்கு ஆண்டு தண்டனை, பெயருக்குப் பதிலாக ஓர் எண். இரண்டு ஆண்டுகள் போன பின் அரசாங்கம் அவனை ஒரு புதிய சிகிச்சைக்குத் தேர்ந்தெடுக்கிறது. லுடோவிக்கோ முறை என்று அதற்குப் பெயர். உடம்பில் மருந்தை ஏற்றி, நாற்காலியில் கட்டிவைத்து, இமைகள் மூடாதபடி கருவி பொருத்தி, வன்முறைப் படங்களைக் காட்டுகிறார்கள். மருந்து குமட்டலை உண்டாக்குகிறது. இரண்டே வாரத்தில், யாரையாவது அடிக்க நினைத்தாலே வயிற்றைப் புரட்டும் நிலைக்கு அவன் வந்துவிடுகிறான். பிறகு அவனை மேடையேற்றுகிறார்கள். அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவன் வந்து அவனை அவமானப்படுத்துகிறான், அடிக்கிறான். குமட்டலிலிருந்து தப்ப வேறு வழி தெரியாமல் அலெக்ஸ் அவன் செருப்பை நக்குகிறான். எல்லோருக்கும் திருப்தி. ஒரே ஒரு ஆள் மட்டும் எழுந்து ஆட்சேபிக்கிறார். அவர் சிறைப் பாதிரியார்: குடிப்பழக்கம் உள்ளவர், பதவி உயர்வில் கண் வைத்திருப்பவர், கைதிகளிடமிருந்து அலெக்ஸ் மூலமாகத் துப்பு வாங்கி மேலிடத்துக்குச் சொன்னவர். இந்த ஆளின் வாயில்தான் பர்ஜஸ் நாவலின் நியாயத்தை வைக்கிறார்: இந்தப் பையனுக்குத் தேர்ந்தெடுக்கும் திறனே போய்விட்டது, தப்பு செய்யாமல் இருக்கிறான் என்பதால் நல்லவனாகிவிட மாட்டான்.

நாவலின் கொடூரம் ஏன் தேவைப்பட்டது என்பது இங்கேதான் புரிகிறது. அலெக்ஸ் பிக்பாக்கெட் அடிக்கிற பையனாக, ஏழ்மையால் கெட்டுப்போனவனாக இருந்திருந்தால், அவனுடைய சுதந்திரத்துக்காகப் பரிந்து பேசுவதில் யாருக்கும் கஷ்டமில்லை. பர்ஜஸ் அந்த வசதியை வாசகருக்குத் தரவில்லை. பல்செட்டையும் சிறுமிகளையும் மூதாட்டியையும் நேரே பார்த்த வாசகரிடம், இவனுக்கும் மனசாட்சியைத் தானே தேடிக்கொள்ளும் உரிமை உண்டா என்று கேட்கிறார். பார்த்ததை மறக்காமல் பதில் சொல்ல வேண்டும். வன்முறைப் பக்கங்களைக் கத்தரித்துவிட்டால் அந்தக் கேள்விக்கு எடையே இருக்காது. கத்தரிக்கச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

சிகிச்சையைக் கொண்டுவரும் உள்துறை அமைச்சர் ஒரு விஷயத்தை ஒளிக்காமலே சொல்கிறார்: சாதாரணக் குற்றவாளிகளைச் சீக்கிரம் வெளியே அனுப்பியாக வேண்டும், அரசியல் கைதிகளுக்குச் சிறையில் இடம் தேவைப்படப் போகிறது. போகிறபோக்கில் வந்துபோகும் பேச்சு அது. ஆனால் நாவலில் மிகவும் பயமுறுத்துவது அந்த இடம்தான். தெருவில் நடக்கும் கொலை வெறி யார் கண்ணுக்கும் தெரியும்; கோட்டு போட்டுக்கொண்டு கோப்பில் கையெழுத்திடும் வன்முறை தெரிவதில்லை.

இதெல்லாம் கற்பனை என்று தள்ளிவிடவும் முடியாது. நாவல் வெளிவந்த காலத்தில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களை 'குணப்படுத்த' வாந்தி மருந்தும் மின் அதிர்ச்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மனநலச் சிறை ஒன்றில் நடந்தது இன்னும் நெருக்கமான உதாரணம். அங்கே கைதி சொன்ன நேரத்துக்கு எழுந்திருக்காவிட்டால், கட்டளையை மீறி இன்னொருவருக்கு சிகரெட் கொடுத்தால், திட்டினால், பொய் சொன்னால் அபோமார்ஃபின் ஊசி போடுவார்கள். கழிப்பறைத் தொட்டியைத் தவிர வேறொன்றும் இல்லாத ஓர் அறைக்கு அழைத்துப்போய் ஊசியைக் குத்தி, அவரை நடக்கவைப்பார்கள். சற்று நேரத்தில் வாந்தி தொடங்கும். கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். சிகிச்சை என்றுதான் இதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். 'நெக்ட் எதிர் கில்மன்' வழக்கில் 1973இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், கைதியின் முழுச் சம்மதம் இல்லாமல் இப்படிச் செய்வது கொடூரமான தண்டனை என்று தீர்ப்பளித்தது. பர்ஜஸின் நாவல் அதற்கு 11 ஆண்டுகள் முன்பே அச்சாகிவிட்டது. ஓரம் நகரில் புத்தகக் கடைக்காரரைக் கைது செய்ததும் இதே 1973இல்தான். ஊசியைக் குத்தியவர்களைப் பற்றி எழுதிய நாவல் அபாயகரமானது என்று ஊரார் முடிவு செய்திருந்தார்கள்.

வன்முறையை நாவல் ரசிக்கவைக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கு ஓர் ஆதாரத்தை எப்போதும் காட்டுவார்கள்: அலெக்ஸின் பேச்சு. ரஷ்யச் சொற்களைக் கலந்து பர்ஜஸ் உருவாக்கிய ஒரு பதின்வயதுக் கொச்சையில் அவன் கதை சொல்கிறான். துள்ளலாக, வாசகரைத் தோழமையோடு கூப்பிட்டுக்கொண்டே சொல்கிறான். முதல் இருபது பக்கங்கள் தட்டுத்தடுமாறித்தான் போகும். பிறகு அகராதி இல்லாமலே புரிய ஆரம்பிக்கும். அதுவே ஆபத்து என்கிறார்கள். உண்மையில் அதுவே நாவலின் சாமர்த்தியமும் கண்டிப்பும். அந்தக் கொச்சை ஒரு திரையாக நின்று, ரத்தத்தைப் படம்பிடித்துக் காட்டும் மலிவான சுகத்தை வாசகருக்குத் தர மறுக்கிறது. மொழி பழகியதும் திரை விலகுகிறது. இத்தனை நேரம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று வாசகர் துணுக்குறுகிறார். அலெக்ஸைப் பழக்கியது போலவே நாவல் தன்னையும் பழக்கியிருக்கிறது என்பது அவருக்கு அப்போது தெரிகிறது. பர்ஜஸ் இதைத் திட்டமிட்டே செய்தார். அதனால்தான் அமெரிக்கப் பதிப்பின் பின்னால் ஒரு சொற்பட்டியலைச் சேர்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

வன்முறையைக் கொண்டாடும் கதைகளில் அடித்தவன் போய்க்கொண்டே இருப்பான். அடிபட்டவன் திரும்ப வருவதில்லை. இந்த நாவலின் மூன்றாம் பாகத்தில் எல்லோரும் திரும்ப வருகிறார்கள். 'குணமாகி' வெளியே வந்த அலெக்ஸை வீட்டில் சேர்ப்பதில்லை. அவன் அறையில் வேறொருவர் வாடகைக்கு இருக்கிறார். வலியில்லாமல் சாக வழி தேடி அவன் ஒரு பொது நூலகத்துக்குள் போகிறான். அங்கே இருக்கிறார் அந்தப் பல்செட் முதியவர். கிழிந்த புத்தகங்களை அவர் மறக்கவில்லை. நூலகத்தின் மற்ற கிழவர்களும் சேர்ந்துகொள்ள, திருப்பி அடிக்க முடியாத பையனை அவர்கள் அடிக்கிறார்கள். காப்பாற்ற வரும் போலீஸ்காரர்கள் யாரென்றால், அவனுடைய பழைய கூட்டாளி டிம், பழைய எதிரி பில்லிபாய். இருவரும் இப்போது சீருடையில் இருக்கிறார்கள். ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடித்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். தெரு ரௌடிக்கும் காக்கிக்கும் இடையில் ஒரு விண்ணப்பப் படிவம்தான் தூரம் என்று பர்ஜஸ் சொல்லாமல் சொல்கிற இடம் அது. படித்து முடித்த யாருக்காவது யாரையாவது அடிக்கத் தோன்றுமா?

தோன்றியிருக்கிறது, ஆதாரம் இருக்கிறது என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். நாவலைத் தழுவி ஸ்டான்லி குப்ரிக் எடுத்த படம் 1971 டிசம்பரில் நியூயார்க்கிலும் 1972 ஜனவரியில் லண்டனிலும் வெளியானது. பிரிட்டனில் வன்முறை அலை எழும் என்று மாரிஸ் எடல்மன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் பத்திரிகையில் எழுதினார். 1973இல் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் ஆதரவற்ற முதியவரை அடித்துக் கொன்ற வழக்கில், இதற்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு சந்தேகத்துக்கு இடமில்லாதது என்று வழக்கறிஞரே நீதிமன்றத்தில் வாதிட்டார். இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் வழக்கு இது. ஆனால் அந்தச் சிறுவன் படத்தைப் பார்த்திருக்கவே இல்லை. நண்பர்கள் சொல்லக் கேட்டிருந்தான். அவ்வளவுதான்.

இன்னொரு வழக்கு இன்னும் கனமானது. அதைத் தாண்டிப்போவது நேர்மையாகாது. 1972 மே மாதம் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸைச் சுட்ட ஆர்தர் பிரெமர், இந்தப் படம் ஓடிய நேரம் முழுக்க வாலஸைக் கொல்வது பற்றியே யோசித்துக்கொண்டிருந்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆனால் அதே நாட்குறிப்பு, அதற்கு முன்பே அவர் அதிபர் நிக்சனைச் சுடுவதற்காகக் கனடாவின் ஒட்டாவா வரை பின்தொடர்ந்துபோய், முடியாமல் திரும்பியதையும் சொல்கிறது. துப்பாக்கியும் எண்ணமும் தியேட்டருக்குள் போகும்போதே அவரிடம் இருந்தன.

வீட்டுக்கு மிரட்டல்கள் வந்ததால் குப்ரிக் தாமாகவே படத்தை பிரிட்டனில் திரும்பப் பெற்றார். தணிக்கை வாரியம் அதைத் தடை செய்யவில்லை. ஒரு வெட்டும் இல்லாமல் வயது வந்தோர் சான்றிதழ் கொடுத்திருந்தது. 1999 மார்ச்சில் குப்ரிக் இறக்கும்வரை அந்நாட்டில் படத்தைச் சட்டப்படி பார்க்க வழியில்லை. திருட்டுத்தனமாகத் திரையிட்ட லண்டனின் ஸ்காலா திரையரங்கு வழக்கில் தோற்று 1993இல் மூடப்பட்டது. அந்தக் கால்நூற்றாண்டில் பிரிட்டன் அமைதிப் பூங்காவாக மாறிவிட்டதா? ஆங்கிலேயக் கால்பந்து ரசிகர்களின் வெறியாட்டம் உச்சத்துக்குப் போனது அந்த ஆண்டுகளில்தான். 1985 மே மாதம் பிரஸ்ஸல்ஸின் ஹேசல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து தாக்க, சுவர் இடிந்து, நெரிசலில் 39 பேர் இறந்தார்கள். படம் 2000இல் திரையரங்குகளுக்குத் திரும்பி வந்தது. எடல்மன் சொன்ன அலை அப்போதும் எழவில்லை.

படத்தை வைத்து நாவலை எடைபோடுவதில் இன்னொரு தவறும் இருக்கிறது. நாவலின் அலெக்ஸ் படத்தின் அலெக்ஸைவிட மோசமானவன். படத்தில் அந்தச் சிறுமிகள் விருப்பத்தோடு வரும் இளம்பெண்களாகிவிட்டார்கள். சிறைக்குள் சக கைதி ஒருவனை அவன் அடித்துக் கொல்வது காணாமல் போய்விட்டது. அலெக்ஸாக நடித்த மால்கம் மெக்டவல் அப்போது இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த அழகான இளைஞர். படத்தின் அலெக்ஸோடு ஒட்டிக்கொள்வது எளிது. நாவலின் அலெக்ஸோடு ஒட்டிக்கொள்ள எந்த வசதியையும் பர்ஜஸ் செய்துகொடுக்கவில்லை. ரசிக்கவைப்பதே அவர் நோக்கமாக இருந்திருந்தால், குப்ரிக் செய்த மாற்றங்களை அவரே முதலில் செய்திருப்பார்.

அவருக்கு அந்த நோக்கம் இருக்க நியாயமும் இல்லை. போர்க்காலத்தில், 1944இல், விளக்குகள் அணைக்கப்பட்ட லண்டன் தெருவில் தன் மனைவி லின்னை ராணுவத்திலிருந்து ஓடிப்போன அமெரிக்க வீரர்கள் தாக்கினார்கள், கர்ப்பம் கலைந்தது என்று பர்ஜஸ் பலமுறை சொல்லியிருக்கிறார். நாவலில் வரும் எழுத்தாளரின் வீட்டை இந்த வெளிச்சத்தில் மறுபடி படிக்க வேண்டும். மேசையில் பாதி எழுதிய கையெழுத்துப் பிரதி கிடக்கிறது. அதன் தலைப்பும் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்'தான். தன்னுடைய வீட்டுக்குள், தன்னுடைய புத்தகத்தின் மேல், தன்னுடைய மனைவிக்கு நேர்ந்ததை அவர் எழுதுகிறார். அதையும் தாக்கியவனின் குரலில் எழுதுகிறார். தனக்குத் தீங்கிழைத்தவனுக்கும் மனசு உண்டா என்று இவ்வளவு கடுமையாக யோசித்த எழுத்தாளர்கள் குறைவு. இதையே வக்கிரம் என்று ஒதுக்கியவர்களை எண்ணினால் வேதனையாக இருக்கிறது.

நூலாசிரியரே வருந்தினாரே என்பது எதிர்த்தரப்பின் கடைசி ஆயுதம். 1985இல் டி. ஹெச். லாரன்ஸ் பற்றிய நூலில், இந்த நாவலை எழுதாமல் இருந்திருக்கலாம் என்ற பொருளில் பர்ஜஸ் எழுதியது உண்மை. அவர் சொன்ன காரணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பாலுறவையும் வன்முறையையும் போற்றுவதாகத் தோன்றிய ஒரு படத்துக்கு மூலக்கதை என்றே நாவல் அறியப்பட்டது, அதனால் தவறாகப் புரிந்துகொள்வது எளிதாயிற்று என்பதுதான் அவருடைய மனக்குறை. எழுதியதை அவர் கைவிடவும் இல்லை. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் முழுமையான பதிப்பைப் புதிய முன்னுரையோடு கொண்டுவந்தார். 1987இல் தானே நாடகமாக்கினார். அதன் முடிவில் குப்ரிக்கைப் போலத் தாடி வைத்த ஒருவர் வந்து மேடையிலிருந்து உதைத்து விரட்டப்படுகிறார்.

முழுமையான பதிப்பு என்பதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. பர்ஜஸ் எழுதியது 21 அத்தியாயங்கள். ஏழு ஏழாக மூன்று பாகங்கள். அன்றைய பிரிட்டனில் வயது வந்தவராக, வாக்காளராக ஆவதற்கான வயது 21. அமெரிக்கப் பதிப்பகமான நார்டன் கடைசி அத்தியாயத்தை நீக்கிவிட்டு 20 அத்தியாயங்களோடு வெளியிட்டது. சிகிச்சையின் பிடி விலகி, அலெக்ஸ் பழைய வெறி திரும்பிப் படுக்கையில் கிடந்து மகிழ்வதோடு அந்தப் பதிப்பு முடிந்துவிடும். குப்ரிக்கின் படமும் அங்கேயே முடிகிறது. இதுதான் உண்மையான, தைரியமான முடிவு என்றும், கடைசி அத்தியாயம் ஒட்டவைத்த நல்லொழுக்கம் என்றும் நாவலை விரும்புகிறவர்களே சொல்வதுண்டு. தடை கேட்பவர்களும் இவர்களும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: அலெக்ஸ் மாற மாட்டான்.

நீக்கப்பட்ட அத்தியாயத்தில் அலெக்ஸுக்கு வயது பதினெட்டு. புதிய கூட்டாளிகளோடு, கதை தொடங்கிய அதே பால் கடையில் உட்கார்ந்திருக்கிறான். எதிலும் ருசி இல்லை. அடிப்பதை மற்றவர்களிடம் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கிறான். செய்தித்தாளிலிருந்து கத்தரித்த ஒரு குழந்தையின் படம் அவன் பையிலிருந்து விழ, கூட்டாளிகள் கேலி செய்கிறார்கள். தனியாக ஒரு காப்பிக் கடைக்குள் போனால் பழைய நண்பன் பீட் மனைவியோடு இருக்கிறான். வேலை, சின்ன வீடு, நண்பர்களோடு சொல்விளையாட்டு. தனக்கும் ஒரு மகன் பிறப்பான் என்று அலெக்ஸ் நினைக்கத் தொடங்குகிறான். நான் செய்ததையெல்லாம் சொல்லி அவனை எச்சரிப்பேன், அவன் கேட்க மாட்டான், அவனும் இதையெல்லாம் செய்வான், என்னால் தடுக்க முடியாது என்றும் நினைத்துப் பார்க்கிறான். இது ஒட்டவைத்த நல்லொழுக்கமாக எந்த இடத்தில் தெரிகிறது? உபதேசம் இல்லை, பிராயச்சித்தம் இல்லை, செய்த பாவத்துக்கு மன்னிப்பும் இல்லை. ஊசியும் நாற்காலியும் செய்ய முடியாததை வயது மெதுவாகச் செய்கிறது. அதுவும் அடுத்த தலைமுறைக்கு உத்தரவாதம் தராமல் செய்கிறது. இருபது அத்தியாயங்களில் நின்றுவிடும் புத்தகம் ஒரு பிறவிக் குற்றவாளியின் கதை. 21 அத்தியாயங்களோடு அது ஒரு மனிதனின் கதை.

பத்து வயதுக் குழந்தைக்கான நாவல் இது இல்லை என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. ஆனால் வாக்களிக்கும் வயதை எட்டுகிற ஓர் இளைஞர், ஓர் அரசாங்கம் எதையெல்லாம் 'சிகிச்சை' என்றும் 'சீர்திருத்தம்' என்றும் பெயர் வைத்துச் செய்யத் துணியும் என்பதை இதைப் படித்துத் தெரிந்துகொள்வது நல்லது. படத்தைப் பார்க்கும் முன்பே படித்துவிடுவது இன்னும் நல்லது. பழைய புத்தகக் கடையில் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1986க்கு முன் அச்சான அமெரிக்கப் பதிப்பாக இருந்தால் மூன்றாம் பாகத்தில் ஆறு அத்தியாயங்கள்தான் இருக்கும். ஏழாவது அத்தியாயம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.